புள்ளி முன்னால், எழுத்து பின்னால்

இன்று காலை ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன கடையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். சும்மாவா வந்தாய்? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏளா, மெஷின் வந்துட்டுளா!" என்று கத்திக்கொண்டே வந்தாய். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. தையற்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம் அது. கல் லாரிகள் போகும்போது நம் வகுப்புக் கரும்பலகை அதிரும். பெண்கள் பள்ளியில் நீ தமிழ் டீச்சர், நான் பூகோள டீச்சர். உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, நம்மூர்த் துறைமுகத்தில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. நம் பிள்ளை ஒருத்தியின் அப்பா, தோணித் தொழிலாளி, வந்து கேட்டாரே: "ஆபீஸ்ல எல்லாம் டைப் அடிக்கத் தெரிஞ்ச பிள்ளையளத்தான் கேக்கான். நீங்க என்னத்தச் சொல்லிக்குடுக்கிய டீச்சர்?" எனக்குச் சுருக்கென்றது. நீயோ, "சொல்லிக்குடுப்போம் அண்ணாச்சி" என்றுவிட்டாய். டைப் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்!

எப்படியோ ஒரு உப்புக் கம்பெனியில் பேசி, பழைய மெஷின்கள் இரண்டு வாங்கி வந்தாய். தமிழ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று. உப்புக்காற்றில் துருவேறி, அடித்த எழுத்து திரும்பி வராமல் மேலேயே நிற்கும். நாம் எண்ணெய் விட்ட விடலில் சேலையெல்லாம் கறை. தலைமை ஆசிரியை, நம் பெரிய டீச்சர், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் டைப் பரீட்சைல லோயர் பாஸ் பண்ணுங்க, கிளாஸ் ஆரம்பிக்கலாம். இல்லன்னா மெஷினை ஆம்பிளப் பிள்ளைய ஸ்கூலுக்குக் குடுத்துருவேன். அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

விடிந்ததும் டைப் இன்ஸ்டிடியூட். நான் இங்கிலீஷ், நீ தமிழ். 'யளனகபக, யளனகபக' என்ற முதல் பாடத்தில் உன் விரல்கள் பறந்தன. ஆனால் 'அம்மா' மட்டும் வரவே இல்லை. முதல் மகரம் மொட்டைத் தலையாக நிற்க, அதன் புள்ளி அடுத்த மகரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. மாஸ்டர் சிரித்துவிட்டார். "டீச்சர், புள்ளிய அடிச்சா மெஷின் நகராது. அந்த இடத்துலயே நின்னு எழுத்துக்குக் காத்திருக்கும். அதனால புள்ளி முன்னால, எழுத்து பின்னால."

உனக்கு வந்ததே கோபம்! "எழுத்தே பிறக்கல, அதுக்குள்ள தலையில பொட்டா? எழுத்தப் போட்டுட்டுப் புள்ளி வைன்னு எத்தன வருசமாச் சொல்லிக்குடுக்கேன் தெரியுமா?" நீயே முணுமுணுத்துக்கொண்டு வலது சுண்டுவிரலால் புள்ளியை முதலில் அடித்தாய். 'அம்மா' சரியாக வந்து விழுந்தது. உடனே எழுந்து நின்று கைதட்டினாய். உனக்கு நீயே!

பரீட்சையில் பதற்றத்தில் உன் பழைய கைப்பழக்கம் திரும்பிவிட்டது. பூகோள டீச்சர் இங்கிலீஷில் பாஸ், தமிழ் டீச்சர் தமிழில் பெயில். ஊரே சிரிக்குமே என்று நான் உனக்காகக் கூனிக்குறுகினேன். மெஷினும் ஆம்பிளப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுமே! நீ அழுதாய், மூக்கைச் சிந்தினாய், நேரே பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாய்.

"ஏ பிள்ளைகளா, நான் தமிழ் டைப்ல பெயிலாயிட்டேன். மறுபடி எழுதப் போறேன். என்கூடச் சேந்து படிக்க யாரு வாரிய?"

ஒரு டீச்சர் தான் பெயிலானதாகச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பதினோரு கைகள் எழுந்தன. என்ன தப்பு, எங்கே விரல் பிசகியது, எல்லாவற்றையும் பலகையில் எழுதிக் காட்டினாய். வாசலில் நின்று கேட்ட பெரிய டீச்சர், "அடுத்த பரீட்சை வரைக்கும் மெஷின் இங்கனயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் நீ என்னைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் என் கண்ணாடி கீழே விழுந்தது!

அடுத்த முறை நீ பாஸ், உன்னோடு ஒன்பது பிள்ளைகளும் பாஸ். நான் துள்ளிக் குதித்தேன். நீ குதிக்கவில்லை. பெயிலான இரண்டு பிள்ளைகளைத் தேடிப் போய், "நானும் பெயிலானவதாம்ளா, எந்திரிங்க, திங்கக்கெழமை கிளாஸு" என்று இழுத்து வந்தாய். சொன்னபடி திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது.

போன மாதம் அதே பள்ளியில் டீச்சர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி. பழைய டீச்சர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி, எங்கே தப்பாக அமுக்கிவிடுவோமோ என்று கையை மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நானும் டைப் பரீட்சைல பெயிலானவதாம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கை மேலே வந்தது.

நான் முதல் தடவையே பாஸானவள் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது தெரியாது. உன் பெயிலை எனதென்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஏளா. சண்டைக்கு வருவதானால் வா.