உப்பு பிடித்த கோர் பிளக்குகள்

மச்சான்,

காய்ந்த இரும்பில் மெழுகுவத்தி உருகும் வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை. திருநின்றவூரில் உன் வீட்டு ஷெட்டில், உன் பழைய காரின் எஞ்சினுக்கு முன்னால் இன்று பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. போன வாரம் என் தங்கை, அதான் உன் பொண்டாட்டி, கூப்பிட்டுச் சொன்னாள். "ண்ணா, ஓடினா இருக்கட்டும். ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடு. சும்மா நிக்கறத என்னால பாக்க முடியல." சரி என்றேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் வருகிறது.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறைகளை மூடியிருக்கும் அந்தக் கோர் பிளக்குகள்தான் வினை. இந்தக் காலத்து வண்டி என்றால் தகட்டு மூடி, தட்டி எடுத்துவிடலாம். உன் வண்டியில் மரை போட்டுத் திருகிய கெட்டி இரும்பு. துருப்பிடித்து பிளாக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. முரட்டுத்தனமாகத் திருகினால் பிளாக் விரிசல் விடும். விட்டால் காயலான் கடைதான்.

அந்த ஓரங்களில் கசிவு ஆரம்பித்தபோதே பார்த்தேன். வண்டியை அம்பத்தூருக்குக் கொண்டுவா, எங்கள் பட்டறையிலேயே கழற்றலாம் என்றேன். "ஒழுகினா இன்னா மச்சான், ஊத்திக்கலாம்" என்று பக்கெட்டை எடுத்தாய். வீட்டு போர் தண்ணீர். குளித்தால் தலைமுடி கொட்டுகிற உப்புத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றிய ஆள் நீ. காலில் புண் வந்தபோதும் இதே பேச்சுதான். "கட்டு போட்டுக்கலாம் மச்சான்." சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் டீயில் எவ்வளவு என்று கேட்டுச் சிரிப்பாய். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அதுவும் தூரத்தில் யாருக்கோ வந்த கோபம் போலத்தான் இருக்கிறது.

பிளக்கைச் சுற்றி கேஸ் டார்ச்சால் சூடு காட்டி, ஓரத்தில் மெழுகுவத்தியை வைத்தேன். மரைக்குள் தானாக இழுத்துக்கொண்டது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று திருகத் திருக ஒவ்வொன்றாக இளகி வந்தன. கடைசியில் இருந்தது மட்டும் அசையவில்லை. நடுவில் துளை போட்டு, ரம்பத்தால் மரை வரைக்கும் கீறி, உள்பக்கமாக மடக்கி எடுத்தேன். உன் சாவு அன்றும் இப்படித்தான் கை வேலையில் இருந்தது. நாற்காலிகளை எண்ணி வாங்கினேன், ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்தேன். அண்ணன்காரனுக்குக் கல் மனசு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அந்த ஓட்டையிலிருந்து பழுப்புச் சேறும் உப்புக் கட்டியுமாக வந்துகொண்டே இருந்தது. சுரண்டிக் கழுவி, பட்டறையில் பித்தளையில் கடைந்து வைத்திருந்த புது பிளக்குகளை, கசியாமலிருக்க பேஸ்ட் தடவித் திருகினேன். கேன் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றி சாவியைத் திருப்பினேன். இருமி இருமி வண்டி பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "இன்னாங்க, பொக ஊட்டுக்குள்ள வருது பாருங்க, கதவ சாத்திகினு பண்ணுங்க!"

என்னை அவள் ண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஒழுகுதாண்ணா?"

"இல்லம்மா."

வந்து பானட்டின்மேல் கையை வைத்தாள். அது அதிர அதிர அவள் வளையல்களும் சத்தம் போட்டன. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். டேங்கில் இருந்த கொஞ்சம் பெட்ரோல் தீருகிற வரை அப்படியே நின்றோம்.

எனக்கு அழுகை இன்னும் வரவில்லை மச்சான். வரும்போது வரட்டும். அவள் உன்னைக் கூப்பிட்ட அந்த "இன்னாங்க" மட்டும் என்னிடம் இருக்கிறது. உனக்கு வந்தது அது. என் காதில் விழுந்துவிட்டது. உன்னிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.