உட்கார்ந்து எழுதிய பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

பதினான்காம் எண் வீட்டுப் பக்கம் மட்டும் அழகாக இருக்கிறது. மற்ற பதினோரு வீட்டுப் பக்கங்களிலும் என் கையெழுத்து கோணல்மாணல். வாசலில் நின்று, நோட்டை இடது கையில் தாங்கி எழுதினால் அப்படித்தான் வரும். இதில் முதல் ஐந்து வரிகள்தான் கோணல். மீதி இருபத்து மூன்றும் பேருந்து நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவை.

இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

டாக்டர் கவனித்துவிட்டார். ஆனால் வேறு மாதிரி.

"கோணலா ஆரம்பிச்சு போகப்போக எப்படி வந்திருக்கு பாரு! நல்லா பழகிட்டம்மா." அந்தப் பக்கத்தையே நிதி விண்ணப்பத்தோடு மாதிரியாக இணைக்கப் போகிறாராம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடந்தால் காலைச் சர்க்கரை குறையுமா? இதுதான் அவருடைய கேள்வி. பன்னிரண்டு பேர் இருபத்தெட்டு நாள் நடந்தார்கள். விடிந்ததும் விரலில் குத்தி மெஷினில் பார்ப்பார்கள், நான் போய் எண்ணை எழுதி வர வேண்டும். இதை நம்பி நிதி கொடுத்தால் முந்நூறு பேரிடம் செய்யலாம். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஆதாரம் பத்தாதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. இந்தத் தடவை சொல்லட்டும் பாக்கலாம். பதினாலாம் நம்பர் இருக்காருல்ல!"

சிரித்தேன். சிரித்தேனே!

மார்ச் 5, வியாழன்

பதினான்காம் எண், தையல்காரர். "வாங்க பெரிய டாக்டரம்மா, ரத்தம் குடிக்க வந்தாச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறாம் நாள் கதவைத் திறந்தது அவர் மகள். என் வகுப்பில் முன் பெஞ்சு. இஸ்திரி போட்ட சீருடை, இரட்டைப் பின்னல்.

"ஏய், நீயா! எப்போடி திரும்ப ஸ்கூலுக்கு வருவ?"

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. மெஷினைப் பார்க்காமலே படியிறங்கிவிட்டேன். அன்று ஒரு எண்ணை நானாக எழுதினேன். மறுநாள் இன்னொன்று. டாக்டருக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வயிற்று வலி என்று வேலைக்குப் போகவில்லை. இது இருபத்து நான்காவது பொய்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்றினேன். சர்க்கரையால் இரண்டு விரலை எடுத்த இடம் ஆறிவிட்டது. அந்த விரல்களை எடுத்த மாதம்தான் நான் பள்ளியை விட்டேன்.

"உன் நோட்ட வச்சு எத்தனை பேர் கால் தப்பிக்கப் போவுதோ," என்றார் அப்பா. "என் பொண்ணு எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா."

ஐயோ அப்பா, சொல்லாதீங்களேன் — யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த நடை தையல்காரருக்கு ஆகலைன்னா? ஆகாததை ஆச்சுன்னு நம்பி முந்நூறு பேர் நடந்தா? நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். பக்கத்தை விரித்து, விரலால் காட்டி. ஆறாம் வரியிலிருந்து கடைசி வரை விரலை இழுத்தேன். "இது நான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேற எந்த வீட்டுல?"

"வேற எங்கயும் இல்ல டாக்டர். சத்தியமா."

"புதன்கிழமை கடைசி நாள். தெரியுமில்ல?"

தலையாட்டினேன்.

"அவர் மெஷின்ல பழைய நம்பரெல்லாம் இருக்கும். நாளைக்குப் போய் எடுத்துட்டு வா. எதுவா இருந்தாலும் அதைத்தான் அனுப்புவேன். அப்புறம் உன்கிட்ட பேசுறேன்."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

மகள்தான் திறந்தாள். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

"வாங்க பெரிய டாக்டரம்மா. வழி மறந்து போச்சா?" என்றார் தையல்காரர். பிறகு குரல் இறங்கியது. "நீ வருவேன்னு தினமும் குத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்மா."

ஊசித் தழும்புகளோடு விரல்களை நீட்டிக் காட்டினார். நடந்தாராம், ஒரு நாள் விடாமல். மெஷினில் இருபத்து மூன்று எண்களும் இருந்தன. 162. 171. 168. 184. குறையவே இல்லை.

"உள்ள வந்து உக்காந்து எழுதுடி," என்றாள் மகள், நாற்காலியை இழுத்துப் போட்டு.

நோட்டை இடது கையில் தாங்கி, புதிய பக்கத்தில், நின்றபடியே எழுதினேன்.