"இத அணை" என்றார்

மார்ச் 4
இன்றும் வகுப்பு பாதியில் நின்றது. பேச்சுப் பயிற்சியாளர் படகுப் படத்தைக் காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்டார். என் கணவர் உதட்டைக் குவித்தார். 'ப' வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து வைஃபை போய்விட்டது. பயிற்சியாளரின் முகம் வாய் திறந்தபடியே லேப்டாப்பில் உறைந்து நின்றது. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கவாதத்துக்குப் பிறகு நடை ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. இந்த வகுப்பு ஒன்றுதான் பிடிமானம். ஃபோனில் வைத்தால் படங்கள் இவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

மார்ச் 5
வைஃபை பாஸ்வேர்டை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு அதே கதை.

எல்லாம் போன வாரம் லேப்டாப்பை அப்டேட் செய்ததிலிருந்துதான். எல்லாரும் வைத்திருக்கும் சிஸ்டத்தை லேப்டாப்பில் போடாமல் எதற்கு இந்த லினக்ஸ்? கம்ப்யூட்டர் பழுது பார்த்தே குடும்பம் நடத்தியவர், கேட்பாரா. இப்போது அவரிடம் விவரம் கேட்கவும் பயம். பதில் சொல்ல முடியாமல் முகம் சிவந்துபோகிறது.

மார்ச் 7
ஃபோனிலிருந்து லினக்ஸ்காரர்களின் இணையக் குழு ஒன்றில் புலம்பி வைத்தேன். 'நத்தை' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ பதில் போட்டிருந்தார். பெயர்தான் நத்தை, பதில் உடனே வந்துவிட்டது. "ரவுட்டர் பக்கத்துல கொண்டுபோய் வச்சாலும் கட் ஆகுதா? அங்க ஃபோன் எப்படி இருக்கு? பாத்துட்டு சொல்லுங்க அக்கா."

வைஃபை தரும் ரவுட்டர் பெட்டி கீழே வீட்டுக்கார அம்மாவிடம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ரவுட்டரை ஒட்டி வைத்தும் அறுந்தது. ஃபோன் சமத்தாக இருந்தது. ஆக, கோளாறு லேப்டாப்பில்தான். அதுவாவது தெரிந்ததே.

"இது தெரியாம நான் வேற இந்தப் பொட்டியப் போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார் வீட்டுக்கார அம்மா.

மார்ச் 8
எப்படி எழுதுவேன் இதை.

நத்தை அனுப்பிய கமாண்டைக் கறுப்புத் திரையில் அடித்தேன். தப்பு. மறுபடி தப்பு. இவர் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. இடக்கையை நீட்டி, நான் விட்டுவிட்ட இடைவெளியைத் தட்டினார். வரிவரியாக வந்து கொட்டியது. எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. இவர் குனிந்து படித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"அணை," என்றார்.

முழுச் சொல். என் காதால் கேட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னதைச் செய்ய வேண்டுமே என்று லேப்டாப்பையே அணைக்கப் போனேன்.

"இல்ல... இல்ல. இது. இத அணை."

விரல் வைத்த இடத்தில் 'பவர் மேனேஜ்மென்ட் ஆன்' என்று இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வைஃபை நடுநடுவே கண்ணயர்ந்துவிடுகிறதாம். நத்தைதான் விளக்கினார், அதை அணைக்கும் கமாண்டையும் கொடுத்தார். "சார் சரியா புடிச்சிட்டார். நான் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

படித்துக் காட்டினேன். சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிய சிரிப்புதான். எனக்கு அது போதும்.

மார்ச் 10
அந்தக் கமாண்ட் வேலை செய்தது; ஆனால் இன்று லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டதும் வைஃபை பழையபடி அறுந்தது. இவர் என்னை எழுந்திருக்கச் சொல்லிக் கையசைத்தார். ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து, மூன்று இருந்த இடத்தில் இரண்டைப் போட்டார். இனி அந்த பவர் மேனேஜ்மென்ட்டை ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டாமாம்.

"அவ்ளோ... தான்."

மார்ச் 11
வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. நடந்ததைப் பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"சில பேருக்குப் பழகின வேலையோட வார்த்தைங்கதான் முதல்ல வரும் அக்கா. நான் படகு, பூனைன்னு காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே சாரோட சாமானையே காட்டுறேன்."

'ஒயர்' என்று வாயில் வந்தது. கீபோர்டு, 'கீபோ' வரை வந்தது.

நத்தைக்கு நன்றி எழுதினேன். "நான் ஒண்ணுமே பண்ணலயே அக்கா," என்று பதில். முகம் தெரியாத மனிதர். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 19
மகளிடம் ஃபோனில் "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

ஏப்ரல் 26
இன்று எங்களுக்குள் சண்டை. நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்தினேன்.

"அங்க வேணாம். வெயில்... அடிக்கும்."

"இங்கதான் காத்து வரும்."

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"ஆமா, எல்லாம் உங்களுக்குத்தான் புரியும்."

விறுவிறுவென்று சமையலறைக்கு வந்துவிட்டேன். குழாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது — நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அவர் பேசி, நான் எதிர்த்துப் பேசி. பாத்திரம் கழுவக் கழுவச் சிரிப்பு தாங்கவில்லை.

நாற்காலி இப்போது அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.