பலகைக்குப் போட்ட மாலை

மட்டாஞ்சேரி

என்னங்க,

என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனதிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் மங்களூர் படகு முதலாளி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நம் கடற்கரையைப் பாரம்பரியக் கடற்கரை என்று அறிவித்துப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் நீங்கள் வலை தைக்கிற போட்டோ. எவன் எப்போது எடுத்தானோ! அதன் கீழே நான் நெத்தலி காயப்போட்டால் காவலாளி விரட்டுகிறான்.

"சேச்சி, நாறும். இது பாரம்பரியமாக்கும்."

மீன் நாறாமல் மீனவனுக்கு என்ன பாரம்பரியம்? படத்தில் இருப்பவர் என் புருஷன் என்றேன். சிரிக்கிறான்.

அதுகூடப் போகட்டும். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சங்கரி சாயா பிளாஸ்கோடு அழுதுகொண்டு வந்தாள். பின்னாலேயே தெரு முழுக்க.

"எப்போ நடந்துச்சு? சொல்லவே இல்லியே?"

எல்லோரையும் திட்டி அனுப்பினேன். நேரே போய் மாலையைப் பிய்த்து எறிந்தேன். காவலாளி கத்தினான், கத்தட்டும்.

கோபம் தீராவிட்டால் வர வேண்டாம். ஒரே ஒரு தடவை போன் செய்யுங்கள். மாலையைக் கழற்றியது சரிதான் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இன்றும் அங்கேயே நெத்தலி காயப்போட்டிருக்கும்,
உங்கள் மனைவி