கூடத்து டிவியில் தெரிந்த உன் கால்

மாப்பிள்ளை,

இன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் டிங்கென்றது. ‘முன்பு இதே நாளில்’ என்று எழுதி, கீழே உன் வலது காலின் கட்டைவிரல். கறுத்துப்போய், ஓரத்தில் சீழ் கட்டி. பின்னால் உன் வீட்டுச் சிமென்ட் தரை. காபியை அப்படியே வைத்துவிட்டேன். நீ போய் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் முடிந்துவிட்டன. உன் கால் மட்டும் இன்னும் என் போனுக்குள் இருக்கிறது.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது வாத்தியார்களின் பொறாமை என்பது உனக்குத் தெரியும். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் என் அளவுக்குப் போன் தெரிந்தவன் எவனும் கிடையாது. கடைக்காரர்களே ஷட்டரை இறக்கிவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். நீ இருந்தால், “மச்சான், பாதியாக் குறைச்சுக்க” என்பாய். சரி, குறைத்துக்கொள்கிறேன். ஆனால் நம் தெருவில் மெயில் ஐடி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். யார் புதுப் போன் வாங்கினாலும் என் ஐடியையே போட்டுத் திறந்து கொடுப்பேன். ஆறு வீட்டுக் கல்யாணமும் கருமாதியும் என் கிளவுடில் வந்து விழுந்தன. அதைத் திறந்து பார்க்க மற்ற யாருக்கும் தெரியாது. யோசித்துப் பார்த்தால், நான் போட்டிருந்த பூட்டு அது ஒன்றுதான்.

நடவு நேரத்தில் உன் காலில் நத்தை ஓடு குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. சேற்றில் கால் வைக்கவே கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தினமும் பஸ் ஏறி வர வேண்டாம், கட்டைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் நர்ஸம்மா. படம் எடுத்து எடுத்துப் போன் நிரம்பியதும் என்னிடம் வந்தாய்.

“மச்சான், இது நிலத்துக்காரர் காதுக்குப் போகக் கூடாது. வாய்ச்சொல் குத்தகைதான். வயல்ல எறங்க முடியாதவனுக்கு எதுக்கு நெலம்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“கிளவுடுல போட்டாச்சு மாப்ள. பாஸ்வேர்டு என் மண்டைக்குள்ள இருக்கு. அந்தக் கம்பெனிக்காரனே வந்து கேட்டாலும் கெடைக்காது.”

“உன் மண்டைக்குள்ளயா? வாய் வழியா வந்துராம பாத்துக்க.”

இருவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நீ ஷூவும் சாக்ஸுமாக வரப்பில் நின்றாய். உன் வீட்டில் இருப்பவர்கள்தான் வயலில் இறங்கினார்கள். டீக்கடையில், “என்னப்பா, கலெக்டராயிட்டியா?” என்று கேட்டார்கள். “மருமவன் துபாய்லேருந்து அனுப்புனது. போடலன்னா கோவிச்சுக்குவாரு” என்றாய். அந்தப் பொய் நான் கட்டிக்கொடுத்தது. நன்றாகத்தான் நின்றது.

நான் புது வீடு குடிபோன அன்று கூடத்தில் பெரிய டிவி மாட்டியிருந்தேன். சுவர் முழுக்க என்று ஊரெல்லாம் சொன்னேன். பாதிச் சுவர்தான். அதற்கும் என் ஐடிதான். சும்மா விட்டால் கிளவுடில் கிடக்கும் படங்களை அதுவாகவே ஓட்டும் என்பது முந்தின நாள்தான் எனக்கே தெரிய வந்தது. தெரிந்ததும், நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நிலத்துக்காரர் சோபாவில். பக்கத்து நாற்காலியில் நீ, ஷூவோடு. டிவியில் தேர் வந்தது, யார் வீட்டு வளைகாப்போ வந்தது, ஆளாளுக்குக் கைகாட்டிச் சிரித்தார்கள். அடுத்து, பாதிச் சுவர் அகலத்துக்கு அந்தக் கட்டைவிரல்.

“ஐயய்ய, யாரு காலு இது?” என்றார் நிலத்துக்காரர்.

வெறும் கால், மாப்பிள்ளை. முகம் இல்லை, பேர் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த படம் வந்திருக்கும். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். புரிந்தது. ஆனால் கூடம் நிறைய ஆட்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம மாப்ள காலுதாங்க ஐயா. அவரு தெனம் எடுப்பாரு, தானா இங்க வந்துரும். எல்லாம் என் செட்டிங்கு. நரம்புகூடத் தெரியுது பாருங்க, எவ்வளவு கிளியரு!”

அவர் டிவியைப் பார்க்கவில்லை. உன் ஷூவைப் பார்த்தார். “அப்படியா சேதி” என்று மட்டும் சொன்னார்.

அறுப்பு முடிந்ததும் நிலத்தை விட்டுவிடச் சொல்லி ஆள் வந்தது. நீ படம் எடுப்பதை நிறுத்திவிட்டாய். நர்ஸம்மா கேட்கிறார் என்று உன் வாசலில் வந்து நின்றேன்.

“ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பு மாப்ள.”

“ஏன், வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்காங்களா?”

அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. விரலோடு போயிருக்க வேண்டியது முழங்கால் வரை போனது. பிறகு நீயே போய்விட்டாய். சாவு வீட்டில் எல்லோரும் சர்க்கரை, சர்க்கரை என்றார்கள். நானும் தலையாட்டினேன். நிலத்துக்காரரைத் திட்டினேன், டிவியைத் திட்டினேன். பாவம், டிவி காலைத்தான் காட்டியது. பேர் சொன்னது நான்.

இன்று காபியை வைத்த கையோடு பஸ் ஏறித் தஞ்சாவூரில் ஒரு போன் கடைக்குப் போனேன். கொஞ்சம் படம் அழிக்க வேண்டும் என்றேன். கடையிலிருந்த பெண் கையை நீட்டினாள்.

“குடுங்க அங்கிள், ரெண்டு நிமிஷம். எந்தப் படம்னு காட்டுங்க.”

நான் கொடுக்கவில்லை. “எப்படின்னு வாயால சொல்லும்மா, நானே அழிச்சுக்கிறேன்” என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். கடை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அழித்தேன். “குப்பைத்தொட்டியிலயும் போய் அழிங்க, இல்லன்னா அங்க கெடக்கும்” என்றாள். அங்கேயும் போய் அழித்தேன். எத்தனை படம் என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை.

“அப்படி யாரு போட்டோ அங்கிள், இவ்வளவு மறைக்கிறீங்க?”

“தெரியலம்மா. யாரோ.”

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில், மாப்பிள்ளை. இப்போது சொல்ல நன்றாகவே வருகிறது. காப்பாற்றுவதற்குத்தான் உன் நிலமும் இல்லை, நீயும் இல்லை.