முதலில் வாசல் மிதித்தவள்

ஜனவரி 1, வியாழன்

ஊரே புத்தாண்டு கொண்டாடுகிறது. பழைய நாட்காட்டிப்படி வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம், அதுவரை நோன்பு. பக்கத்து வீட்டுப் பன்றிக்கறி வாசனைக்கு மட்டும் நோன்பு தெரியவில்லை. அவரைக் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு நான் பெருமூச்சு விட்டேன். "மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு ரதோய்கா, புண்ணியம் கூடும்" என்றார் வேலிமிர். கட்டிக்கொண்ட மனுஷனுக்கு எல்லாமே கேலி.

இந்த வருஷம் ஆண்டவரிடம் இன்னும் நெருங்கிப் போகவேண்டும். விடியற்காலை ஜெபம். தினமும் நற்செய்தியில் ஓர் அதிகாரம். புதனும் வெள்ளியும் எண்ணெய்கூடத் தொடாத நோன்பு. எழுதும்போதே பாதிப் புனிதை ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது!

ஜனவரி 2

விடியற்காலை ஜெபம் நடக்கவில்லை. குளிர்.

ஜனவரி 4, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருவானவர் ஸாவாவுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். என் திட்டங்களையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லதுதாம்மா. அக்காகிட்ட பேசினீங்களா?" என்றார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சகோர்கா அக்கா எங்கள் அப்பா வீட்டின் மறுபாதியில் இருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு சுவர். பேசி மூன்று வருஷம் ஆகிறது. அம்மா இறந்த நாற்பதாம் நாளுக்கு நான்தான் கோதுமை வேகவைத்து இனிப்புச் சேர்த்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கா. அம்மாவுக்கு இருந்த வியாதியே இவளுக்கு மறந்துபோச்சு" என்றாளே! அந்தப் பாவிதான் என் அக்கா.

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு நற்கருணைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார் குருவானவர். அப்படியானால் கிறிஸ்துமஸுக்கு நற்கருணை இல்லையா எனக்கு? சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனாலும் நானாகப் போய் அவள் கதவைத் தட்டுவதா? மாட்டேன். என்னால ஆகாது சாமி, ஆகவே ஆகாது.

ஜனவரி 6

கிறிஸ்துமஸுக்காகத் தரையில் வைக்கோல் பரப்பியாயிற்று, முதலில் வருபவர் நெருப்பில் அடித்து வாழ்த்தக் கருவாலி மரக் கிளையும் வந்துவிட்டது. நாளைக் காலை முதல் ஆளாக வாசல் மிதிக்க வேலிமிரின் தம்பி போரிசாவை அழைத்திருக்கிறோம். ராசியான கால். போன வருஷம் அவன் வந்து போன பிறகுதான் பசு இரட்டைக் கன்று போட்டது.

ஜனவரி 7, கிறிஸ்துமஸ்

இதை எழுதும்போது வருவது சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

போரிசாவின் கார் பனியில் சிக்கிக்கொண்டது. நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு படாரென்று திறந்தது. நனைந்த செருப்பு, கையில் வாளி — சகோர்கா!

வேலிமிர் இருக்கிறாரே, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கிறிஸ்து பிறந்தார்!" என்று கத்தினார்.

"மெய்யாகவே பிறந்தார் — தண்ணிக் குழாய் வெடிச்சுடுச்சு தம்பி, உங்க பக்கத்து வால்வை மூடுங்க!"

அதற்குள் அவள் தலையில் ஒரு பிடி கோதுமையைத் தூவிவிட்டார். முதலில் கால் வைப்பவர் யாரானாலும் அவர்தான் அந்த வருஷத்து விருந்தாளி. திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. பிடித்து அடுப்பின் முன் உட்கார வைத்துவிட்டார்.

"வீடு மிதக்குது, விடுங்க!"

"வாழ்த்திட்டுப் போங்க மதினி."

கிளையைப் பிடுங்கி நெருப்பில் ஓங்கி அடித்தாள். பொறி பறந்தது. "இத்தனை பொறி, இத்தனை ஆரோக்கியம்! இத்தனை பொறி, இத்தனை கோழிக்குஞ்சு! இத்தனை பொறி, இந்த வீட்டுக்காரிக்கு இத்தனை புத்தி!"

"எனக்கெதுக்கு? உனக்கே கொஞ்சம் வச்சுக்கோ!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேசிவிட்டேன்.

"அப்பாடா" என்றாள் அக்கா. "நாக்கு துருப்பிடிக்கல."

வால்வை மூடி, அவள் சமையலறைத் தண்ணீரை இரண்டு பேருமாக இறைத்தோம். அதற்குள் கோவிலில் வழிபாடு முடிந்து, நற்கருணை தவறிவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு எங்கள் மேஜையில்தான் சாப்பிட்டாள். மத்தியானம் வந்து சேர்ந்த போரிசாவ், தன் நாற்காலி போய்விட்டதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஜனவரி 8

அக்கா வால்நட் கேக் கொடுத்தனுப்பினாள். சர்க்கரை போடவே மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே செய்தாளா? எப்படியோ தின்று தீர்த்தோம்.

ஜனவரி 14

பழைய கணக்குப்படி இன்றுதான் புத்தாண்டு. அக்கா காப்பி குடிக்க வந்தாள். கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா போன ஆத்திரத்தை யார்மேல காட்டறதுன்னு தெரியலடி. நீ பக்கத்துல நின்னே" என்றாள்.

"நானும் ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கலாம்க்கா" என்றேன். அவ்வளவுதான். மூன்று வருஷம் இதற்கா?

ஜனவரி 27

நற்செய்தி இரண்டாம் அதிகாரத்திலேயே நிற்கிறது. நான் வாசிக்க உட்கார்ந்தால் அவள் வந்துவிடுகிறாள்.

பிப்ரவரி 22, மன்னிப்பு ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கேட்டார்: "அக்காவோட இப்ப சண்டையெல்லாம் இல்லையே?"

"தினமும் உண்டு சாமி. நேத்துகூட முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயை யார் கழுவறதுன்னு ஒரு மணி நேரம்."

பாவமன்னிப்பு வழங்க, தன் கழுத்தில் தொங்கிய நீண்ட பட்டைத் துணியை என் தலைமேல் போட்டு மூடினார். துணிக்கு மேலே அவர் சிரிப்பு கேட்டது. "போங்க, நற்கருணைக்குப் போங்க" என்றார்.

வரிசையில் நின்றேன். கண்ணீர் வந்தது, ஜெபமும் வந்தது. பின்னாலிருந்து விலாவில் ஒரு இடி.

"நகருடி. எனக்குக் கால் கடுக்குது."

திரும்பி முறைத்தேன். பிறகு அவளை எனக்கு முன்னால் விட்டேன்.