சாமி வரவில்லை, அப்பா

அன்பான அப்பாவுக்கு,

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: உங்களுக்குச் சாமி வரவில்லை.

மாசிக் காமன் கூத்தில் வீரபத்திரன் வேடம் ஆடிவிட்டு லயத்து வீட்டுக்கு வந்திருந்தீர்கள். முகத்துச் சாயத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே, "நான் தப்பா ஆடுனேனா புள்ள?" என்று கேட்டீர்கள். "இல்லப்பா, நல்லா ஆடுனீங்க" என்றேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

நல்லா ஆடவில்லை, அப்பா. தப்பு மேளக்காரர் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, உங்கள் கால் மூன்று இடத்தில் தாளத்தை விட்டு விலகியது. இடது கை தன் இஷ்டத்துக்கு வீசிக்கொண்டது. விரதம் இருந்து வீரபத்திரன் கட்டுகிறவருக்கு அருள் வரும் என்பது தோட்டத்து நம்பிக்கை அல்லவா? சனம் கையெடுத்துக் கும்பிட்டது. நாலு பேர் ஓடிவந்து உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த வருசம் நேராவே எறங்கிட்டாருடா" என்று கோயில் கமிட்டித் தலைவர் முத்தையா மாமா உங்கள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார். அருள் வந்தவர்களின் கண் எங்கோ குத்திட்டு நிற்கும். உங்கள் கண் கூட்டத்துக்குள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

பயந்துபோயிருந்தீர்கள். அது எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை?

கோயிலடியில் சாமி என்றார்கள். வேலை செய்கிற தேயிலை மலையில் வேறு மாதிரிச் சொன்னார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது உங்கள் கத்தி இரண்டு தடவை கைநழுவி விழுந்ததும் கங்காணி கேட்டாராம்: "என்னய்யா, காலங்காத்தாலேயே வெறியா? சாமியாடிக்குத் தண்ணி கேக்குதோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சாராயத்தை வாயில் வைத்தறியாத நீங்கள் கத்தியைக் குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனீர்கள். ஒரே உடம்பு, ஒரே அசைவு. மாசியில் கும்பிட்டவர்களே சித்திரையில் சிரித்தார்கள்.

அதன் பிறகு வந்த வருடங்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹண்டிங்டன் என்று அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பரம்பரையாக வருவது, அப்பாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு ஐப்பசி முடிந்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் பிறகு தனியாகப் போய் அதே டொக்டரிடம் கேட்டேன். இது எப்போது தொடங்கும்? கை நடுங்கும் நாளிலா? இல்லை என்றார். மூளைக்குள் ஆழத்தில், அசைவுகளுக்கு அளவு போட்டுக் கொடுக்கிற ஒரு சிறு பகுதி இருக்கிறது. வெளியே எதுவும் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே அது மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கிவிடுமாம். ஆராய்ச்சிகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். ஆனால் அந்த மனிதர் அப்போதும் நன்றாகத்தான் நடப்பார், வேலை செய்வார், சிரிப்பார். குறைந்துபோன வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் தோள் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கலாம் என்றார். "அவருக்கே தெரியாமலா?" என்று கேட்டேன். "பெரும்பாலும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணனின் பழைய போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தேன். உங்கள் கால் தடுமாறிய வருடத்துக்கு மூன்று வருடம் முந்திய கூத்து அது. படம் மங்கல்தான். ஆட்டத்தில் ஒரு பிசகு இல்லை. ஆனால் உங்கள் உதடு அசைகிறது, அப்பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிகளை எண்ணிக்கொண்டு ஆடுகிறீர்கள். அதற்கு முன்பு நீங்கள் எண்ணி நான் பார்த்ததே இல்லை. தப்புச் சத்தம் கேட்டாலே கால் தானாகப் போகும் ஆள் நீங்கள்.

டொக்டர் இதைச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன். உள்ளே ஏதோ குறையக் குறைய, அதை நீங்கள் எண்ணி எண்ணி நிரப்பியிருக்கிறீர்கள். அந்த மூன்று வருடமும் நாங்கள் கைதட்டினோம். உங்களுக்காவது தெரிந்திருந்ததா?

இனி இங்குள்ள சேதி. இந்த மாசியில் முத்தையா மாமா வீட்டுக்கு வந்தார். அண்ணன் அப்போதுதான் தான் ஓட்டும் மரக்கறி லொறியை ராகலை டவுனில் விட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"ஒங்க அப்பாவுக்கு அப்புறம் வீரபத்திரன் வேசம் சும்மா ஒப்புக்குத்தான் நடக்குது. இந்த வருசம் நீ கட்டு தம்பி. சாமி ஒங்க குடும்பத்துலதான் தங்கியிருக்கு."

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மாமா, அப்பாவுக்கு வந்தது சாமி இல்லீங்க. வியாதி. எங்க ரெண்டு பேருக்கும்கூட இருக்கலாம்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "படிச்ச புள்ளைங்களுக்குச் சாமியும் காய்ச்சலாத்தான் தெரியும். நீ ஸ்கூல்ல பாடம் நடத்து தாயி. கோயில நாங்க பாத்துக்கிறோம்." தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான். "ஊருக்கே மைக் போட்டுச் சொல்லு. இனி எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மொதலாளி லொறியக் குடுப்பானா?" அவன் கேட்டதில் தப்பு இல்லை. அது அவனுடைய உடம்பு. என்னுடையதைச் சொல்லத்தான் எனக்கு உரிமை இருந்தது. அவனுடையதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

பேசியது அம்மாதான். கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு மொதல்லயே தெரியும் புள்ள. சட்டைப் பொத்தானே நான்தான் போட்டுவிட்டேன். மலையில அவர வெறிகாரன்னாங்க. கோயில்லயாவது சாமின்னு கும்புடட்டுமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

 உண்மையைச் சொன்னவள் என்று இரண்டு நாளாக என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை கிடைக்க அம்மா வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இதில் யார் செய்தது சரி? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஆடினான். பிடிவாதமாக விரதம் இருந்து, உங்கள் சலங்கையைக் கட்டிக்கொண்டு ஆடினான். கோயிலடி மரத்தோரம் நானும் அம்மாவும் நின்றோம். ஓர் அடி பிசகவில்லை. உதடும் அசையவில்லை. இடுப்பைப் பிடிக்கத் தயாராக நின்ற நாலு பேருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

சனத்துக்குப் பிடிக்கவில்லை. "என்னடா இவன், ட்ரில் மாஸ்டர் மாதிரி ஆடுறான்" என்றார் ஒருவர். முத்தையா மாமா திருநீற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்துவிட்டு, "காலெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. எறங்கலியே" என்று பெருமூச்சு விட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வியர்வையோடு என்னிடம் வந்தான். "பாத்தியா? எனக்கு ஒண்ணும் இல்ல."

இந்தத் தடவை நான் "நல்லா ஆடுனே" என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "நல்லா ஆடுனண்ணே. ஆனா இதுல தெரியாது. அப்பாவும் நல்லாத்தான் ஆடுனாரு" என்றேன். அந்த வீடியோவைக் காட்டினேன். சலங்கையைக் கழற்றாமலே உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தான். பிறகு, "நீ போய் ரத்தம் குடுத்துப் பாக்கிறதுன்னா பாரு. நான் கூட வர்றேன். எனக்கு வேணாம், இப்ப வேணாம்" என்றான். 

இருப்பது தெரிந்தாலும் மருந்தில்லாத ஒன்றை முன்கூட்டியே ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். டொக்டரும் அதைத்தான் கேட்டார். யோசித்துவிட்டு வரச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீங்கள் தனியாக எண்ணிக்கொண்டு ஆடியதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. துணைக்கு ஒருவராவது அறிந்திருந்தால் அந்த எண்ணிக்கை கொஞ்சம் இலேசாகியிருக்காதா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. என் உடம்பில் ஏதாவது பிசகினால் மற்றவர்கள் அதற்கொரு பெயர் வைக்கும்வரை காத்திருக்க மாட்டேன். நானே சொல்லுவேன், முதலில் அம்மாவிடம். அண்ணனுடையதை அவன் சொல்கிற நாள்வரை யாரிடமும் சொல்லமாட்டேன். அவன் நடக்கும்போது அவன் காலைப் பார்க்கமாட்டேன்.

பங்குனிக் கடைசியில் கண்டிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். முடிவு சொல்ல அழைத்தபோது அண்ணன் வெளியே பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு இருக்கிறது. மத்தியான பஸ்ஸில் இருவரும் திரும்பி வந்தோம், அம்மாவிடம் சொன்னேன், மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

உங்கள் இளைய பிள்ளை,
கலா